உப்பு நிறைஞ்சிருக்கு

மார்ச் 8, ஞாயிறு

முதல் பக்கத்திலேயே ஒரு வெட்கக்கேட்டை எழுதி வைத்துவிடுகிறேன். எங்கள் கம்பெனி வாட்ஸப் குழுவில் வருகிற எதையும் இதுவரை நான் படித்ததில்லை. வருகிற எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுவேன். அவ்வளவுதான்.

படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தாவது வரை போயிருக்கிறேன். வடை மடித்துத் தருகிற காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவள் நான். ஆனால் குழுவில் எழுதுகிறவள் என் மருமகள் பூர்ணிமா. பம்பாயில், தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பேசுவது தமிழ், எழுதுவது இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஏ, பி, சி, டி தெரியும். அதற்கு மேல் அந்த எழுத்துகளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

கேட்டிருக்கலாம்தான். முதல் நாளே "புரியுதா அத்தை?" என்றாள். "ஏன் புரியாம?" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது? போன மாதம் அவளுடைய பம்பாய்ச் சித்தப்பா தவறிப்போன சேதியைப் போட்டிருக்கிறாள். அதற்கும் கட்டைவிரல். அழுதுகொண்டிருந்த பிள்ளை போனைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. கண்ணாடி மாற்றவேண்டும், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு முழுக்க வீட்டுக்குள் நாலு இடத்தில் இடித்துக்கொண்டு நடந்து காட்ட வேண்டியிருந்தது.

இந்த டைரி பாத்திரக்கடையில் கொடுத்தது. "கொட்டகையில நடக்கிறதை தினம் ரெண்டு வரி எழுதுங்க அத்தை, பின்னால உதவும்" என்றாள் பூர்ணிமா. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் எழுதுவதை நான் படிக்க மாட்டேன், நான் எழுதுவதை அவள் படிக்க மாட்டாள். கம்பெனி நன்றாக நடக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

எலுமிச்சை வந்தது. பாதி பழம், பாதி பந்து. திருப்பி அனுப்பினோம்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாவூர்சத்திரத்தில் மூடிப்போன ஒரு அரிசி ஆலையின் பின்புறக் கொட்டகை. ஊறுகாய் போடுகிறோம். பெயர் 'மைனி ஊறுகாய்'. மைனி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி கோமதி. நானும் அவளும்தான் கூட்டாளிகள். பாட்டில் மேல் ஒட்டுகிற காகிதத்தில் அவள் முகத்தைப் படமாகப் போட்டிருக்கிறது. வரைந்த பையன் அவளைக் கல்யாண போட்டோவில் பார்த்து வரைந்தான். அந்தக் கல்யாணத்தில் அவளுக்குப் பல்வலி. அதனால் வாங்குகிறவர்களை முறைத்துக்கொண்டே விற்பனையாகிறாள்.

"ஏட்டி உலகு, என் மூஞ்சிய மாத்தச் சொல்லு" என்பாள்.

"இப்ப உள்ள மூஞ்சியப் போட்டா பாட்டில் தன்னால மூடிக்கிடும் மைனி" என்பேன்.

கரண்டி பறந்து வரும். இப்படித்தான் பொழுது போகும்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைக்கு விடுமுறை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் காயும் வரை சும்மா உட்கார்ந்தபோது பழைய கதையெல்லாம் ஓடிற்று.

ஆரம்பத்தில் மைனி வீட்டுப் பின்கட்டுதான் எங்கள் கம்பெனி. மூன்று ஜாடி, ஒரு அரிவாள்மனை, இரண்டு பொம்பளைகள். அவள் உள்ளே தாளிப்பாள். நான் வாசலில் நறுக்குவேன். நடுவில் என் அண்ணன் பேப்பர் படிப்பான். பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை. அவள் கரண்டியால் ஜாடி மூடியில் ஒரு தட்டுத் தட்டினால் மிளகாய்ப்பொடி கொண்டு வா. இரண்டு தட்டினால் துணி கொண்டு வா. விடாமல் தட்டினால் அண்ணனை எழுப்பு, கேஸ் தீர்ந்துபோனது.

கேஸுக்குத்தான் அந்தச் சொல். மற்றதற்கு அப்படிச் சொல்ல மாட்டோம். அரிசி, உப்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் மைனி வாயால் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. என் வாயிலும் வராது. சொன்னால் வீட்டில் தங்காது என்று எங்களை வளர்த்த விதம் அது. "ஏட்டி, நல்லெண்ணெய் நிறைஞ்சிருக்கு!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவேன். கடைக்கார அண்ணாச்சியிடம் போய் "நிறைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றால் அவரும் கேள்வி கேட்காமல் அளந்து ஊற்றுவார்.

அந்தப் பின்கட்டில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். மைனிக்கு நெற்றியில் நிரந்தரமாக ஒரு புடைப்பு இருந்தது. பொட்டு வைக்கும்போது அதன் மேலேயே வைத்துக்கொள்வாள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இப்போது கொட்டகையில் பதினொரு பெண்கள். அந்தக் கோடியில் மைனி, இந்தக் கோடியில் நான். நடுவில் அரவை மிஷின் போடுகிற சத்தத்தில் ஜாடியைத் தட்டினால் யாருக்குக் கேட்கும்?

மார்ச் 22, ஞாயிறு

பூர்ணிமா கூட்டம் போட்டாள். எல்லோருக்கும் டீயும் ரஸ்க்கும் உண்டு.

மதுரையில் நிறைய ஹோட்டல்களுக்குச் சாமான் போடுகிற ஒரு அண்ணாச்சி மாங்காய் ஊறுகாய் கேட்டிருக்கிறார். இதுவரை நாங்கள் பார்க்காத அளவு. அதனால் இனிமேல் வாங்குகிறது, வைக்கிறது எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டுமாம். அவரவர் இடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று போனில் பேசி அனுப்ப வேண்டும். அவள் வீட்டிலிருந்தே பார்த்து வாங்கிப் போட்டுவிடுவாள். நல்ல யோசனைதான். பிள்ளைக்கு மூளை இருக்கிறது. என் மகன் சங்கரனைக் கட்டிக்கொண்டது ஒன்றைத் தவிர அவள் தப்பாக எதுவும் செய்ததில்லை.

மைனி தன் முதல் பேச்சை இன்றைக்கு அனுப்பினாள். போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் விழுந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி, "புள்ள பூர்ணிமா! நான் கோமதி பேசுதேன்! கேக்கா?" என்று கத்தினாள். பூர்ணிமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குது பெரியத்தை" என்றாள்.

நான் அத்தை, மைனி பெரியத்தை. அந்தப் 'பெரிய' மட்டும் மைனிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு வயசு மூப்புக்கு இவ்வளவு பெரிய பட்டமா?" என்று என்னிடம் முனகினாள்.

"ஒடம்பச் சொல்லுதா மைனி" என்றேன். ரஸ்க் பறந்து வந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

நாளைக் காலையில் நானும் வீட்டுக்காரரும் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலதெய்வம் சாஸ்தாவின் கோயிலுக்குப் போகிறோம். காட்டுக்குள் கோயில், போன் எடுக்காது. நாளைக்கு மத்தியானத்தோடு இந்த ஊரில் ஒரு பெரிய கடை திறந்திருக்காது. எல்லோரும் அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவார்கள். மைனியின் சாஸ்தா பக்கத்தில் என்பதால் அவள் இருந்து மாங்காயைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நாளைக் காலை மாங்காய் லோடு வருகிறது. நறுக்கின கையோடு உப்புப் போட்டுவிட வேண்டும்.

நான் பொங்கல் பானையைத் தேடிக்கொண்டிருந்தபோது மைனி அந்தக் கோடியில் போனில் கத்திக்கொண்டிருந்தாள். "புள்ள, கல்லுப்பு நிறைஞ்சிருக்கு! நாளைக்கு மாங்கா வருது, மறந்திராத!" பூர்ணிமா உடனே பதில் அனுப்பினாள். "சூப்பர் பெரியத்தை!" மைனி திருப்தியாகத் தலையாட்டினாள்.

பானை பரணில் இருந்தது. உள்ளே ஒரு பல்லி.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று முழுக்கக் கோயில். இன்று மத்தியானம் பஸ்ஸில் திரும்பும்போது கடையம் பக்கம் போன் உயிர் பெற்று வரிசையாகக் கிணுகிணுத்தது. குழுவில் என்னென்னவோ வந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

கொட்டகைக்கு வந்து பார்த்தேன். நறுக்கின மாங்காய் மலைபோல் குவிந்து, கறுத்து, நுரைத்துக் கிடக்கிறது. ஈ மொய்க்கிறது. உப்புப் போடவில்லையாம். சங்கரன் வேனில் மாங்காயோடு உப்பும் வரும் என்று மைனி எல்லாவற்றையும் நறுக்கச் சொல்லியிருக்கிறாள். வேனில் உப்பு வரவில்லை. கடைகளைப் பூட்டிவிட்டார்கள். தெருத்தெருவாகப் போய்ப் பெட்டிக்கடைப் பாக்கெட் உப்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து இரண்டு டிரம் மட்டும் காப்பாற்றியிருக்கிறாள். மற்றது குப்பைக்குழிக்கு.

உப்பு இருக்கிறது என்று மைனி சொன்னதாகப் பூர்ணிமா சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மைனி சொல்கிறாள். பெண்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்கள். கொஞ்சம் கலகலப்பாக்கலாமே என்று நான், "கொட்டகையில உப்பு இருக்கா, மணல் இருக்கான்னு தெரியல. ஏ மைனி, நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். நான் ஒன்னைய கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மைனிக்குக் களைப்புப் போலிருக்கிறது. கரண்டி கையில்தான் இருந்தது, எறியவில்லை. கையைக் கழுவினாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாலாக மடித்து வைத்தாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எப்போதும் இடுப்பில்தான் இருக்கும். மறதி.

ஏப்ரல் 3, வெள்ளி

குழி மூடினோம். பினாயில் ஊற்றிக் கழுவினோம். மைனி வரவில்லை. அலைச்சல் இல்லையா, ஒருநாள் படுத்திருக்கட்டும். பதினோரு மணி டீயை வழக்கம்போல் அவளுக்கும் சேர்த்து ஊற்றி வைத்தேன். வேறு கிளாஸில். அவள் டம்ளரைக் காணோம். வீட்டில் போட்டுத் தேய்க்கலாம் என்று எடுத்துப் போயிருப்பாள்.

ஏப்ரல் 4, சனி

வரவில்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஏப்ரல் 6, திங்கள்

சங்கரனை அனுப்பிக் கேட்டேன். திரும்பி வந்து, "அத்தை ஜாடி வெளக்கிட்டு இருக்காவ" என்றான்.

"நான் கேட்டதச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"'வாரேன்னுதான சொல்லிட்டு வந்தேன், பெறகென்ன'ன்னாவ."

அப்படியென்றால் வருவாள். சொல்லிவிட்டாள் இல்லையா.

மிளகாய் வற்றல் வெயிலில் போட்டோம். கொட்டகை நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரே ஒரு குறை, நான் சொல்கிற பேச்சுக்கு யாரும் எதையும் தூக்கி எறிவதில்லை. எல்லோரும் மரியாதையாகச் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 8, புதன்

மதுரை அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார். மாங்காய் வீணான கதையைப் பூர்ணிமா மறைக்காமல் சொன்னாள். "போனது போகட்டும். புது மாங்கா எப்ப போடுவீங்க?" என்றார். நல்ல மனிதர். கொட்டகை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். பாட்டிலைக் கையில் எடுத்து, படத்தைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லைல்ல?"

"இல்ல அண்ணாச்சி. அது எங்க மைனி."

"அவங்க எங்கம்மா?"

"இந்தா, வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

உட்கார்ந்தார். பத்திரிகை புரட்டினார். மைனிக்கு ஊற்றி வைத்த டீயை எடுத்துக் குடித்தார். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "புது மாங்கா போடும்போது சொல்லிவிடுங்க, வாரேன். மைனி கையாலதான் மொத பாட்டிலை வாங்கணும்" என்று எழுந்து போனார்.

"ஏன் அத்தை, பெரியத்தை வரமாட்டாங்களா?" என்று பூர்ணிமா கேட்டாள். கேட்கும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வாரேன்னு சொல்லிருக்கா" என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் சாம்பார் வைத்தேன். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "புள்ள, மஞ்சப்பொடி நிறைஞ்சிருக்கு பாத்துக்க" என்று பூர்ணிமாவிடம் சொன்னேன்.

"ஓகே அத்தை" என்றாள், போனைப் பார்த்தபடி.

பருப்பு வெந்துவிட்டது. அவள் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை.

"என்ன, இன்னும் போகலையா?"

"எங்க அத்தை?"

"கடைக்கு. மஞ்சப்பொடி வாங்க."

"நீங்கதானே நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா. நிறைஞ்சிருக்கு. வாங்கணும்லா?"

"நிறைஞ்சிருந்தா எதுக்கு வாங்கணும்?"

நான் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை. அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சாம்பார் பொங்கி அடுப்பு அணைந்தது.

"அத்தை... அப்போ பெரியத்தை உப்பு நிறைஞ்சிருக்குன்னு சொன்னது..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்ல 'காலி'ன்னு சொல்வாங்க அத்தை. அம்மா ஜன்னல்ல இருந்து கத்தும், 'உப்பு காலி!' கீழ்க்கடைல இருந்து கொடுத்து விடுவாங்க. இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே."

உண்மைதான், யாரும் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒருத்தர் ஒருத்தருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

"நான் குரூப்ல வேற எழுதிட்டேனே" என்று அழ ஆரம்பித்தாள். "நீங்ககூட சரின்னு போட்டீங்களே அத்தை."

"என்ன எழுதுன?"

அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க படிக்கலையா?"

நல்லவேளை சங்கரன் சாப்பிட வந்தான். அவனைப் படிக்கச் சொன்னேன். 'உப்பு இருப்பைத் தப்பாகச் சொன்னதால் மாங்காய் முழுக்க வீணானது. இனிமேல் கோமதி அத்தை எது சொன்னாலும் இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகே எடுத்துக்கொள்ளப்படும்.' இதற்குக் கீழே குழுவில் ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல். என்னுடையது. நல்ல மஞ்சள் நிறத்தில்.

"எம்மா, இது அத்தைக்குத் தெரியும்" என்றான் சங்கரன். "அன்னைக்கே அவ்வொ மக வாசிச்சுக் காட்டிட்டாளாம்."

நான் உண்மையைச் சொன்னேன். இதுவரை ஒன்றுகூடப் படித்ததில்லை என்று.

பூர்ணிமா மூக்கைத் துடைத்தாள். "அப்போ எங்க சித்தப்பாவுக்கு..."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தாயி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சாம்பாரை மஞ்சள் இல்லாமலே சாப்பிட்டோம். வெளுத்துப்போய், சம்பந்தி வீட்டுச் சாம்பார் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

மைனி வீட்டுக்குப் போனேன். பூர்ணிமாவும் வருகிறேன் என்றாள். முதலில் நான் திட்டு வாங்கிவிட்டு வருகிறேன், மிச்சம் இருந்தால் உனக்கு என்று சொல்லி விட்டுவிட்டுப் போனேன்.

வாசலில் அண்ணன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "எப்பிடியாவது கூட்டிட்டுப் போயிரு. வீட்டுல உள்ள ஜாடியெல்லாம் வெளக்கி முடிச்சுட்டா. நேத்து என் செருப்பையும் வெளக்கிட்டா" என்றான்.

மைனி பின்கட்டில் இருந்தாள். எங்கள் பழைய பின்கட்டு. என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "வாங்க. உக்காருங்க. காப்பி குடிக்கியளா?" என்றாள்.

ஒரு கரண்டியால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னை வாங்க என்கிறாள்! இவள் கல்யாணமாகி வந்த அன்றைக்கே என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டவள். அவள் தாலியில் இன்னும் ஈர மஞ்சள் காயாத நேரம் அது.

"என்ன மைனி, புது மரியாதை. பயமா இருக்குல்லா."

"கம்பெனி மொதலாளி வந்தா மரியாதை குடுக்காண்டாமா. பெருவிரலத் தூக்குனா ஒருத்தி வேலை போயிருது."

நான் போனை எடுத்து அந்த இடத்தை அவளிடம் காட்டினேன். "இதுல என்ன எழுதிருக்கு, சொல்லு பாப்போம்."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். குத்திக் காட்ட வந்தியளா?"

"எனக்கும் தெரியாது மைனி. இதுவரைக்கும் ஒரு எழுத்து படிச்சதில்ல. எல்லாத்துக்கும் வெரலத் தூக்கிட்டு இருந்தேன். பஸ்ல தூக்கத்துல போட்ட வெரலு இது."

அவள் போனை எட்டிப் பார்த்தாள். "அந்தப் புள்ளயோட சித்தப்பன் செத்ததுக்கும்..."

"அதுக்கும்தான்."

மைனியின் வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். ஆனால் சிரிக்கவில்லை.

உப்புக் கதையையும் சொன்னேன். மஞ்சள் டப்பா, காலி, எல்லாம். கேட்டுவிட்டு, "அது சின்னப் புள்ள. தெரியாது. அதுமேல எனக்குக் கோவமே இல்ல" என்றாள். ஜாடி மூடியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? 'என்ன மைனி நடந்துது'ன்னு ஒரு வார்த்த? முன்னெல்லாம் இந்தப் பின்கட்டுல நான் ரெண்டு தட்டுத் தட்டுனா ஒனக்குத் தெரியும். அன்னைக்கு நான் வாயத் தொறந்து சொல்லுதேன், நான் அப்பிடிச் சொல்லலன்னு. ஒனக்குக் கேக்கல. அத்தன பேருக்கு முன்னால கண்ணாஸ்பத்திரிங்கிய."

"அது கேலி மைனி."

"கேலின்னு தெரியும். அன்னைக்கு எனக்குக் கேலி வேண்டாம். நீ வேணும்."

இதை எழுதும்போது டைரியில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. மோர் குடித்துக்கொண்டே எழுதினால் இப்படித்தான்.

எனக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான். சண்டை போட்டேன்.

"சரி, அன்னைக்கு நீ போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்க வேண்டியதுதான? வாரேன்னு சொல்லிட்டுப் போன. நான் மடச்சி மாதிரி தினமும் ஒனக்கு டீ ஊத்தி வச்சிட்டு வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். யாரு யாரோ குடிச்சிட்டுப் போறான்."

மைனி மூடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி ஒரு பார்வை.

"யாவாரம் நடக்குத எடத்துல நின்னுக்கிட்டு, போறேன்னு எப்பிடிட்டி சொல்ல?"

'ட்டி' வந்துவிட்டது.

அவளும் அதைக் கவனித்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சு வெந்து, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சாவியை மாட்டிவிட்டுப் போகிறவள், அந்த நேரத்திலும் கொட்டகைக்கு ஆகாத ஒரு சொல்லை அங்கே போட்டுவிட்டுப் போக மனசில்லாமல் 'வாரேன்' என்று சொல்லியிருக்கிறாள். உப்புக்கும் அவள் அதைத்தான் செய்தாள்.

அங்கே கிடந்த கரண்டியை எடுத்து ஜாடி மூடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு துணியைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "மூஞ்சியத் தொடை. பாக்கச் சகிக்கல" என்றாள்.

காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினேன். நிமிரும்போது அந்தப் பழைய உத்திரம் மண்டையில் ணங்கென்று இடித்தது. "கண்ணாஸ்பத்திரிக்குப் போவோமா?" என்றாள் மைனி.

ஏப்ரல் 11, சனி

மைனி வந்தாள். டம்ளரும் வந்தது.

பூர்ணிமா காலையிலேயே போய்க் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "மன்னிச்சிருங்க பெரியத்தை" என்றாள்.

"மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும். மொதல்ல அந்தப் 'பெரிய'வ எடு."

"அப்போ உங்களை எப்படிக் கூப்பிட?"

"ஊரே மைனிங்குது. நீயும் கூப்பிட்டுக்கோ."

முறைப்படி பார்த்தால் மகா தப்பு. ஆனால் பாட்டிலிலேயே அச்சடித்தாகிவிட்டது, என்ன செய்ய?

பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் குழுவில் எழுத்துக் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான் என்று முடிவானது. எனக்குப் பெரிய நிம்மதி. அடுத்து, 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும் என்று பூர்ணிமா கேட்டுக்கொண்டாள். மைனி முயற்சி செய்தாள். உப்பு மூலையைப் பார்த்து "உப்பு..." என்றாள். "உப்பு..." அதற்கு மேல் வரவில்லை. பாவம், வியர்த்துவிட்டது. என்னைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு இருமல் வந்துவிட்டது.

"சரி விடுங்க, நானே மாறிக்கிறேன்" என்றாள் பூர்ணிமா. "இனிமே நீங்க நிறைஞ்சிருக்குன்னு சொன்னா, நான் காலின்னு எடுத்துக்கிட்டு உடனே வாங்கிப் போட்டுடறேன்." எல்லோரும் கைதட்டினோம். இதை முதல் நாளே பேசியிருந்தால் ஒரு லோடு மாங்காய் பிழைத்திருக்கும். சங்கரனிடம் தமிழ் எழுத்தும் படிக்கப் போகிறாளாம். இந்த டைரியை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

விடுமுறை இல்லை. புது மாங்காய் வந்தது. உப்பும் ஒரு லோடு வந்தது. நாள் முழுக்க நறுக்கி, உப்புப் போட்டு, டிரம் டிரம்மாக மூடினோம். மதுரை அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை வருகிறார், சித்திரை முதல் நாள். மைனி புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாளாம். பல்வலி இல்லாத முகத்தோடு ஒரு போட்டோவும் எடுக்கப் போகிறோம்.

மிஷின் ஓடாத நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து ஒரு தட்டுக் கேட்டது. மிளகாய்ப்பொடி கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் மைனி உப்பு மூலையைப் போய்ப் பார்த்தாள். மாங்காய்க்குப் போட்டது போக, அடுக்கின மூடை கூரையைத் தொடுகிற மாதிரி இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "புள்ள, உப்பு நிறைஞ்சிருக்கு!" என்று கத்தினாள்.

பூர்ணிமா சொன்ன சொல் தவறாதவள். மத்தியானம் இன்னொரு லாரி உப்பு வந்தது.

உள்ளே வைக்க இடமில்லாததால் அதைக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அது மிளகாய் வற்றலுக்குப் போட்டிருந்தது. மைனியும் நானும் உப்பு மூடை மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். வசதியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நல்ல கோடை மழை. வெளியே வைத்திருந்த உப்பு நிறைந்துவிட்டது.